அவளுக்குப் போகாத கடிதம்

என் வேலை காசு கேட்பது. இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்ட காலம் ஒன்று இருந்தது, இப்போது அந்தக் கூச்சம் போய்விட்டது. பதுளையில் ஒரு பல்கலைக்கழகத்தின் சுகாதார விஞ்ஞான பீடத்தில், பழைய மாணவர் தொடர்புக்கும் நிதி திரட்டலுக்கும் நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்றதும் எனக்குக் கீழே பத்துப் பேர் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு தொலைபேசி, அப்புறம் நான். சம்பளப் பட்டியலில் என் பதவியின் பெயர் மட்டும் இரண்டு வரிக்கு நீளும்.

என் அறைக்கு அடுத்தது பயிற்சிக்கூடம். அங்கே வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மை. தாதியர் மாணவிகள் ஊசி போடவும் புண் கட்டவும் பழகுவது அந்தப் பொம்மைகளில்தான். மாணவிகள் போன பிறகு நாலரை மணிக்கு நான் கதவைப் பூட்டும்போது, ஜன்னலோரம் படுத்திருக்கும் பொம்மையிடம் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பல நாட்களில் வேலை விஷயம் இல்லாமல் நான் பேசுகிற ஒரே பேச்சு அதுதான்.

ஆனால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். கத்தார், லண்டன், கனடா, கண்டி, எங்கெங்கோ இருக்கிற பழைய மாணவர்களை அழைப்பேன். யாருக்கு எப்போது குழந்தை பிறந்தது, யாருடைய அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர்களும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். இரண்டு நிமிடம் சுகம் விசாரிப்பார்கள். மூன்றாவது நிமிடத்தில், பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவர் வாயைத் திறப்பதுபோல, "சரிங்க அக்கா, சொல்லுங்க, என்ன வேணும்?" என்று கேட்டுவிடுவார்கள். நானும் சொல்லிவிடுவேன். பாதிப் பேர் கொடுப்பார்கள். மீதிப் பேர் அடுத்த முறை என் எண்ணைப் பார்த்ததும் குளிக்கப் போய்விடுவார்கள்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு நண்பர்கள் இருந்தார்கள். நானும் இதே பீடத்தின் முதல் பேட்ச். கொஞ்ச காலம் வார்டில் தாதியாக இருந்துவிட்டு, மூன்று மொழியிலும் கடிதம் எழுதுவாள் என்பதற்காக இங்கே இழுக்கப்பட்டவள். கூடப் படித்த ஒவ்வொருவரிடமும் ஒரு தடவை கேட்டேன். கேட்ட பிறகு, ஒவ்வொருவராக நண்பர் பட்டியலிலிருந்து நன்கொடையாளர் பட்டியலுக்குப் போய்விட்டார்கள். யார்மேலும் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னால்கூட அவர்களுக்குப் பர்ஸ் ஞாபகம் வருகிறது என்றால், அப்படிப் பழக்கியவள் நான்தானே.

ஒருத்தியிடம் மட்டும் கேட்கவில்லை.

அவளும் நானும் கொஸ்லந்தைக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற ஒரே லயம். அதில் எங்கள் வீடு மூன்றாவது காம்பரா, அவர்களுடையது ஐந்தாவது. ஒன்றாகவே பீடத்துக்கு வந்தோம், விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். இப்போது அவள் ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாதியர் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அங்கே பிற்பகலில், சமையலறையில் ஃபோனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு என்னை அழைப்பாள். நான் வாடகை அறையில் துணி துவைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு பக்கமும் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். மீன் விலையும் அவள் வீட்டு வடிகால் அடைத்துக்கொண்டதும் தவிர பெரிதாக எதுவும் பேசமாட்டோம். அவள் ஒருநாளும் "என்ன வேணும்?" என்று கேட்டதில்லை. நானும் ஒருநாளும் அவளை அழைத்ததில்லை. நான் ஃபோன் எடுத்தாலே காசு கேட்கத்தான் என்று உலகமே நினைக்கிறது, அவளும் ஒருவேளை அப்படி நினைத்துவிட்டால் என்கிற பயம். அழைப்பது எப்போதும் அவள், எடுப்பது நான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று மிஞ்சியிருந்த ஆள் அவள் ஒருத்திதான்.

இந்த வருடம் பீடத்துக்கு ஒரு பஸ் தேவைப்பட்டது. மாணவர்கள் களப் பயிற்சிக்குத் தோட்டத்து மருந்தகங்களுக்கும் மொனராகலைப் பக்கமும் போகிற பழைய பஸ், அப்புத்தளை ஏற்றத்தில் இரண்டு முறை உயிரை விட்டது. நிதி திரட்டும் பொறுப்பு வழக்கம்போல என் தலையில். மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை என்பதால், இந்த முறை உண்மையான கடிதமே அனுப்புவோம் என்று முடிவு செய்தேன். நல்ல தாளில் அச்சடித்து, மேலே ஒவ்வொருவர் பெயரையும் நானே பேனாவால் எழுதி, கீழே அவர்களோடு எனக்குள்ள ஒரு ஞாபகத்தையும் இரண்டு வரி எழுதினேன்.

கடைவீதியில் அச்சகம் வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிறவர், கட்டுக் கட்டாகக் கடிதங்களைக் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இத்தன பேருக்கு எழுதுறீங்களே மிஸ், ஒங்களுக்கு யாராச்சும் எழுதுறாங்களா?"

"தண்ணி பில்லு மாசா மாசம் வருது நானா," என்றேன்.

எங்கள் பேட்ச் பட்டியலை எடுத்துப் பெயர் எழுத உட்கார்ந்தபோது, அவள் பெயர் வந்த இடத்தில் நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கோடு போட்டு அடித்தேன். எல்லாரையும் கேட்டுக் கேட்டு இழந்தது போதும், இவளையாவது விட்டுவைப்போம் என்று நினைத்தேன். பெரிய தியாகம் செய்தவள் மாதிரி அன்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் போகிற வழியில் ஒரு கட்லட் வாங்கிச் சாப்பிட்டேன்.

கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தன. பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரும் தங்கள் கடிதத்தைப் படம் பிடித்துப் போட்டார்கள். 'எனக்கு என்ன எழுதியிருக்கா பாருங்க' என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு குழு கலகலப்பாக இருந்தது. காசும் வந்தது. பீடாதிபதி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டி, ஒரு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அழைக்கவில்லை. வேலை நேரம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அழைக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, துவைக்கத் துணி இல்லாமல் போர்வையை எடுத்து நனைத்துக்கொண்டு பத்திலிருந்து பன்னிரண்டு வரை குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். பதுளையில் அப்போது விடாமல் மழை, காயப்போட இடமில்லை. ஈரப் போர்வை அறைக்குள்ளே கயிற்றில் மூன்று நாள் தொங்கியது. கையில் ஃபோன் இருக்கிறது, அவள் எண் இருக்கிறது, அழைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கத்தாருக்கும் கனடாவுக்கும் கூச்சமில்லாமல் அழைக்கிறவளுக்கு இந்த ஒரு எண்ணை அழுத்தக் கை வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு சேர்க்கிற சமயம் வேறு. கட்டாயம் தப்பாகத்தான் படும் என்று நினைத்தேன்.

ஆறு வாரம் ஆனது. ஆறாவது வாரத்தில், மொனராகலை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எங்கள் பேட்ச் நண்பர் ஒருவர் நன்கொடை ரசீது விஷயமாக அழைத்தார். பேசி முடித்து வைக்கப் போனவர் தயங்கினார்.

"ஒங்க ரூம்மேட்டுக்கு என்ன கோவம்? ஒனக்கும் கடிதம் வந்துச்சான்னு எங்கிட்ட கேட்டுச்சு. வந்துச்சேன்னேன். எல்லாத்துக்கும் வந்துச்சான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். அப்பறம் வச்சிருச்சு."

நான் ஃபோனை வைத்தேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு வாரம் எடுத்திருக்கிறது. அந்த லயத்தில் பிறந்த எனக்கு ஆறு நிமிடம்கூட எடுத்திருக்கக் கூடாது.

எங்கள் தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி உண்டு. சாவு விழுந்தாலும் அதே கணக்குத்தான், அதே நோட்டுக் கொப்பிதான். அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர் என் அப்பா. ஒரு வேலைநிறுத்தத்தின்போது அவளுடைய அப்பா மட்டும் தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலைக்குப் போனார். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார், அன்றைய கூலி இல்லாவிட்டால் அவரைப் போய்ப் பார்க்க பஸ் காசு இல்லை. காரணத்தை யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டை ஒதுக்கி வைத்தார்கள்.

ஒதுக்கி வைப்பது என்றால் சண்டையோ அடிதடியோ கிடையாது. அவர்களிடம் வரி வாங்கமாட்டார்கள், அவ்வளவுதான். காசு மிச்சம்தானே என்று வெளியாள் நினைக்கலாம். வரி வாங்காத வீட்டுக்குத் திருவிழாவில் பிரசாதம் வராது, சாவு விழுந்தால் பாடை தூக்க ஆள் வராது. நான் எங்கள் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அப்பா நாலாவது வீட்டில் நின்று சிரித்துப் பேசிக் காசு வாங்குவார். ஐந்தாவது வாசலில் அவளுடைய அம்மா காசை முந்தானையில் முடிந்துகொண்டு நிற்பார், பக்கத்தில் அவள் நிற்பாள். அப்பா கொப்பியைப் பார்த்துக்கொண்டே அவர்களைக் கடந்து ஆறாவது வீட்டுக்குப் போவார். ஒவ்வொரு வருடமும் அந்த அம்மா காசை முடிந்துகொண்டு நிற்பார்.

நாங்கள் பீடத்தில் முதல் வருடம் படிக்கும்போது அவளுடைய அப்பா இறந்தார். லயத்திலிருந்து யாரும் வரவில்லை. பேட்ச் பையன்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நான் போனேன், அவர்கள்தான் தூக்கினார்கள். என் அப்பா எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். அன்றிலிருந்துதான் அவளும் நானும் இவ்வளவு நெருக்கமானோம். பேட்ச் முழுக்கப் பெயர் எழுதிக் கடிதம் அனுப்பிவிட்டு, அப்படிப்பட்டவள் வாசலை மட்டும் தாண்டிப் போயிருக்கிறேன். கேட்காமல் விடுவது அன்பு என்று எனக்கு யார் சொன்னது? எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு என் மூளை அந்த அளவுக்கு மழுங்கிப் போயிருந்தது. அன்று பயிற்சிக்கூடத்துக்குள் போய், பொம்மைகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதும் அவளை அழைக்கத் தைரியம் வரவில்லை. 'மன்னிச்சிக்க' என்று இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அழித்தேன். இந்தத் தப்பை ஃபோனில் சரிசெய்ய முடியாது என்று தோன்றியது. சனிக்கிழமை காலையில் பீடத்து ரசீதுப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு பண்டாரவளைக்கு பஸ் ஏறினேன். அங்கே இறங்கி வெல்லவாய பஸ். கொஸ்லந்தையில் இறங்கித் தோட்டத்துக்கு ஆட்டோ.

அவளுடைய அம்மா இப்போதும் அந்த ஐந்தாவது காம்பராவில்தான் இருக்கிறார். மகள் அனுப்பிய காசில் தரைக்கு டைல் போட்டு, பெரிய டீவி வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவுக்கு ஒருதடவை போய்விட்டு, குளிர் ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தவர். வாசலில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை. வாசல்படிக்குக் கீழே நின்று ரசீதுப் புத்தகத்தை வெளியே எடுத்தேன். 

"அம்மா, எங்க காலேஜுக்கு பஸ் வாங்குறோம். வீடு வீடா கேக்குறோம். ஒங்க வீட்டுக்கும் கேட்டு வந்திருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். கீரையைக் கீழே வைத்தார்.

"வீட்டுக்கு எவ்வளவு?"

எங்கள் கடிதத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று எதுவும் கிடையாது. விரும்பியதைக் கொடுக்கலாம் என்றுதான் போட்டிருந்தோம். அதை அவரிடம் சொல்ல முடியாது. விரும்பியதைக் கொடுக்கச் சொல்வது வெளியாட்களுக்கு.

"ஐநூறும்மா. எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான்."

அவர் உள்ளே போய் வர நேரமானது. ஒரு பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அம்மா திரும்பி வந்தபோது வேறு சேலை கட்டியிருந்தார். முந்தானையில் முடிந்திருந்த ஐநூறு ரூபாய்த் தாளை என் முன்னாலேயே அவிழ்த்துக் கொடுத்தார்.

"எழுது. அவரு பேர எழுது."

இறந்துபோன கணவரின் பெயரை நான் எழுதினேன். என் அப்பாவின் கொப்பியில் அத்தனை வருடமும் இல்லாமல் போன பெயர். எழுத்துக் கோணியது. ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது, இருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ நாளைக்கு எனக்கு ஒன்னுன்னா, ஆளு வருவாங்கல்ல?"

"நான் வருவேம்மா."

"நீ முன்னாடியே வந்தவதானே புள்ள," என்றார். "ஒன்னய கேக்கல. மத்தவங்கள கேக்குறேன்."

பீடத்தில் நாலு பேட்ச் பிள்ளைகள் படிக்கிறார்கள், எத்தனை பேர் வேண்டுமானாலும் அந்த பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். அப்படியொரு வாக்குறுதி கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவர் சிரித்துவிட்டு, உள்ளே வந்து தேத்தண்ணி குடி என்றார். குடித்தேன். எங்கள் மூன்றாவது காம்பராவில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், திரும்பும்போது அதைக் கடந்துதான் நடந்தேன். அப்பா இறந்த அன்று அங்கே நிற்க இடமில்லாமல் கூட்டம் இருந்தது. எனக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள் என்ற கேள்வி பஸ்ஸில் பண்டாரவளை வரைக்கும் கூடவே வந்தது. என் கணினியில் பேர் பேராக இருக்கிறார்கள். ஒரு ஐந்து பேரைக்கூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ரசீதின் அடிக்கட்டையைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. பார்த்துவிட்டாள் என்பதற்கான நீலக் கோடுகள் உடனே வந்தன. அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

'நான் வேற வீடு. எனக்கு தனியா எழுது.'

எழுதினேன். அவள் பெயரில் தனி ரசீது, அதிலும் ஐநூறுதான். அந்த ஐநூறை அவள் எங்கள் பீடத்துக் கணக்குக்கு அனுப்ப வங்கிக்கு அதைவிடக் கூடுதலாகக் கட்டியிருப்பாள்.

மறுநாள் ஞாயிறு. பத்து மணி ஆனது, பத்தே கால் ஆனது. ஃபோன் அடிக்கவில்லை. வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. இனி அவள் அழைக்கமாட்டாள் என்று எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் அவள்தான் என் வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள், நான் ஒருதடவையும் அங்கே போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக அவள் எண்ணை அழுத்தினேன். நாலு தடவை மணி அடித்தது.

"சொல்லு," என்றாள். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். "என்ன வேணும்?"

எல்லாரும் கேட்கிற அதே கேள்வி.  ஒன்னும் வேணாம், சும்மாதான் எடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். பஸ்ஸுக்கும் கட்டிலுக்கும் புத்தகத்துக்கும் ஊரெல்லாம் கேட்டிருக்கிறேன், எனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"எனக்கு இங்க பேச ஆளே இல்லடி," என்றேன். "நீ பேசு. வேற ஒன்னும் வேணாம். ஞாயித்துக்கெழம மட்டும் பேசுனா போதும்."

அந்தப் பக்கம் குழாயை மூடினாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இத கேக்க ஒனக்கு இவ்வளவு வருசமா?" என்றாள்.

பிறகு குழாயைத் திறந்துவிட்டு, வடிகால் மறுபடியும் அடைத்துக்கொண்டதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நான் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு துணியைப் பிழிந்தேன்.